மணி கோத்தலும் முடிச்சிடுதலும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

துளையிட்ட முத்து, பவளம், பளிங்கு, மரம், வித்து, கண்ணாடி முதலியவற்றை நூலிலே நிரைப்படுத்தி மாலையாக்குந் தொழில் மணி கோத்தல் எனப்படும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே கையால் ஒரு சிறு முடிச்சிட்டு, மணியோடு மணி உரையாதவாறும், நூல் ஓரிடத்தில் அறுந்தால் ஒன்றுக்கு மேல் உதிராதவாறும் அமைத்தல் அத்தொழிலின் நுட்பமான பகுதியாகும். காண்பவர் கண் மணியிலே தங்கினாலும், மாலையின் ஆயுள் நூலையும் முடிச்சையுமே பொறுத்தது. மணியின் விலையறிந்தவர் பலராகவும் நூலின் சுபாவம் அறிந்தவர் சிலராகவும் இருப்பதனாலேயே, பாட்டி அணிந்த நல்ல முத்துமாலை பேத்தியின் காலத்தில் உதிரிகளாகப் பெட்டகத்தின் மூலையிற் கிடக்கும் நிலை பல வீடுகளில் நேர்ந்துவிடுகிறது.

இலங்கையின் கீழ்க்கரையில், வடக்கே ஏறாவூர்ப் பக்கந் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கடலை அடுத்த எழுவான்கரையையும் வயல் மலிந்த படுவான்கரையையும் இடைநின்று பிரிப்பது. இறாலும் நண்டும் மீனும் தரும் இந்நீர்நிலை முத்துக்குப் பேர்பெற்றதன்று. எனினும், மணி கோக்கக் கற்க விரும்பும் ஒருவர்க்கு இப்பிரதேசம் வாய்ப்பானதொரு களமாகும் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கரைகளில், எண்ணி ஓதுதற்குரிய மாலை மூன்று சமயத்தாரிடத்தும் உண்டு. அம்மூன்று மாலைகளும் நூலை மூன்று வேறு விதமாக ஆளுகின்றன. அவற்றை முறையே கோத்துப் பழகிய கை, முத்தைத் தொடுதற்குத் தகுதி பெற்ற கையாகும்.

காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் முஸ்லிம்கள் கையாளும் தஸ்பீஹ் மணி 99 அல்லது 33 மணிகளையுடையது. 99 மணி மாலையில் முப்பத்துமூன்றாம் மணிக்குப் பின்னும் அறுபத்தாறாம் மணிக்குப் பின்னும் உருவத்தால் வேறுபட்ட எல்லை மணியொன்று வைத்து, நூலின் இரு தலைப்பும் கூடுமிடத்தில் நீண்டதொரு தலைமணியை நிறுத்துவர். இம்மாலையில் மணிகளுக்கிடையே முடிச்சில்லை. விரலால் தள்ளுந்தோறும் மணி நகர்ந்து சென்று அடுத்ததைத் தொடவேண்டுமாகையால், நூலில் இரண்டு மூன்று விரற்கிடை வெறுமையாக விடப்படும். வெறுமை மிகுந்தால் மாலை தொங்கிச் சிக்கும். குறைந்தால் மணி நகராது. நூலின் தொய்வை அளந்து விடுதல் என்னும் முதற்பாடம் இதிலே கிடைக்கிறது.

சைவர் அணிவதும் செபிப்பதுமாகிய உருத்திராக்க மாலை 108, 54, 27 என்னும் கணக்கிற் கோக்கப்படும். எண்ணுக்கு அப்பாற்பட்ட ஒரு மணி மேருவாக நிற்கும். செபிப்பவர் மேருவைக் கடவாமல், அங்கிருந்து மாலையைத் திருப்பிக்கொள்வர். உருத்திராக்க வித்தின் நடுவே இயற்கையாகவே ஒரு புழை ஓடுவதால் துளையிடுவோர்க்கு அது அதிக வேலை வைப்பதில்லை. ஆனால் அதன் முகடுகள் கரடுமுரடானவை, ஒன்றோடொன்று உரைந்தால் முள் முனைகள் முறிந்துவிடும். பெருவிரலும் நடுவிரலும் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே பற்றி இழுத்தற்கு இடமும் வேண்டும். இவ்விரு காரணங்களாலும் இடைமுடிச்சு இம்மாலைக்குப் பெரிதும் பொருந்துவதாயிற்று. மணி பெரிது, நூல் தடித்தது, முடிச்சு கண்ணுக்கு நன்றாகத் தெரிவது. ஆதலால் முடிச்சைச் சமமாக இடக் கற்பவர்க்கு இதனினும் சிறந்த அப்பியாசம் இல்லை எனலாம்.

கத்தோலிக்கரின் செபமாலை 59 மணிகளாலானது. ஐந்து பத்துகளும், அவற்றைப் பிரிக்குந் தனிமணிகளும், நடுப்பதக்கத்திலிருந்து சிலுவை வரை தொங்கும் சிறு வாலுமாகச் சேர்ந்து 53 சிறு மணியும் 6 பெருமணியும் ஆகின்றன. ஆலைகளிற் செய்யப்படுவனவற்றில் கம்பி வளையங்களே இணைப்பாக இருக்கும். கயிற்றாற் செய்வோர் நூலை மும்முறை சுற்றி இறுக்கும் உருண்டை முடிச்சொன்றைப் பத்துகளின் இருபக்கத்தும் இடுவர். இருட்டிலே விரல் வழிதவறாமற் செல்லும்படி தனிமணிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவான வெற்றிடம் விடவேண்டியிருப்பதனால், தூரத்தைக் கண்ணாலன்றி விரலால் அளக்குந் திறமை இங்கே வளர்கிறது. புரட்டாதி மாதத்தை ஒட்டி ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்துக்குத் திரளும் யாத்திரிகர் கைகளில் இவ்விரு வகைச் செபமாலையையும் காணலாம்.

வழிபாட்டுக்குப் புறம்பான கோப்பு வேலையும் இந்நாட்டுக்குப் புதிதன்று. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் ஆடுவோர் அணியும் உடுப்பும் முடியும் மார்புப் பதக்கமும் மணிகளாலும் கண்ணாடித் துண்டுகளாலும் அழகு செய்யப்பட்டவை; சதங்கை அணிதல் கூத்துப் பழகுதலில் ஒரு தனிச் சடங்காகவே கொண்டாடப்படுகிறது. கண்ணகி வழிபாடு வேரூன்றிய தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்பெறும் வழக்குரை, பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்துப் பரலும் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரலும் இருந்தமையால் உண்மை வெளிப்பட்ட வரலாற்றைக் கூறுவது; வி. சீ. கந்தையா 1968இல் அதனைப் பதிப்பித்தார். முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள பேதம் ஆண்டுதோறும் ஒரு சடங்கினால் நினைவூட்டப்படும் நாடு இது என்பதை மணிகளைப் பற்றி எழுதுகையில் விட்டுவிடலாகாது.

கீழ்க்கடலில் முத்து அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. திருகோணமலையை அடுத்த தம்பலகாமக் குடாவில் தட்டையான கண்ணாடிச் சிப்பி வாழ்கிறது. இலங்கையிற் பிறந்த வைத்தியரும் இயற்கை நூலறிஞருமாகிய எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் (1819–1860) இச்சிப்பியையும் மன்னார்ச் சிப்பியையும் ஆராய்ந்து அறிக்கைகள் எழுதியுள்ளார். ஆனால் இச்சிப்பியின் முத்துக்கள் மிகச் சிறியவை, ஒளியிற் குன்றியவை. அவற்றுட் பெரும்பகுதி கோக்கப்படாமல், மருந்துக்கும், செல்வர் வெற்றிலையோடு உண்ணும் முத்துச் சுண்ணாம்புக்குமே சென்றது. மாலைக்குரிய முத்து மன்னார்க் கடலிலிருந்தே வந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு முத்துப்பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியோ, பார்கள் வற்றிப்போக, குத்தகைக் காலம் முடியுமுன்பே கலைந்தது.

அச்சலாபங்களில் முத்தைத் தரம் பிரித்த விதம், கோப்பவர் இன்றும் கற்றுக்கொள்ளத்தக்கது. பெட்டி எனப்படும் பித்தளைச் சல்லடைகள் பத்து. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் துளைக்கணக்கால் அவை பெயர் பெற்றன. துளை குறையக் குறைய ஒவ்வொரு துளையும் பெரிதாகுமாகையால், இருபதாம் பெட்டியில் தங்குவது மிகப் பெரிய முத்து. பருமன் பிரித்த பின் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி, அனதாரி, மசங்கு, கலிப்பு, குறவல், பீசல் முதலிய வகுப்புகளாகப் பகுத்து, பின்னரே செவ்வு என்னும் முத்து மதிப்பீட்டுக் கணக்கில் விலையிட்டனர். துளையிடுவோர் கவிழ்ந்த கூம்பு போன்ற மரக்கட்டையின் மேற்பரப்பிலுள்ள சிறு குழியில் முத்தைப் பதித்து, வில்லால் துரப்பணத்தைச் சுழற்றி, அருகிலுள்ள சிரட்டைத் தண்ணீரைச் சிறுவிரலால் தொட்டுச் சொட்டவிட்டுக்கொண்டே வேலை செய்தனர். அத்தண்ணீர் வெறும் சம்பிரதாயமன்று. முத்து, கல்சியங் காபனேற்றுப் படலங்களை ஒருவகைப் புரதப் பசை பிணைத்து அமைந்த பொருளாதலின் சூட்டுக்கு ஆற்றாது. உலர்ந்த துகளோ துளைப்பவரின் சுவாசப்பைக்குக் கேடு.

இன்று சந்தையிற் கிடைப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துக்களே. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டியதிலிருந்து அத்தொழில் விரிந்து, பிற்காலத்தில் சீனத்து நன்னீர் முத்துக்கள் சாதாரண குடும்பங்களும் வாங்கத்தக்க விலைக்கு வந்தன. ஆகையால் முத்துக் கோக்கக் கற்பது செல்வர்க்கு மாத்திரம் உரியதென எண்ணுதற்குக் காரணம் இப்போது இல்லை.

இனிக் கோக்கும் முறை. முதல் வேலை நிரை பார்த்தல். பன்பாயின் மேல் உலர்ந்த மெத்தென்ற துணி விரித்து, முத்துக்களைப் பரப்பி, பெரியது நடுவிலும் சிறியவை இருபுறமும் படிப்படியாகக் குறையுமாறு வரிசையிடவேண்டும். ஒளியும் நிறமும் பகல் வெளிச்சத்திலே பார்க்கத்தக்கவை. மின்விளக்கொளியில் ஒத்தனபோலத் தோன்றியவை முற்றத்தில் வேறுபட்டு நிற்கும். துளையின் வாய் உடைந்ததோ என்பதையும், நூல் செல்லுமளவு அகன்றதோ என்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, குறுகியதை நுண்ணிய அரத்தூசியால் நீர்விட்டுக்கொண்டே சிறிது அகலமாக்கலாம். இவ்வரிசைப்படுத்தலுக்குச் செலவிடும் பொழுதை வீணென்று எண்ணிப் பாதியில் விட்டவர்க்கு, முடிச்சிடத் தொடங்கிய பின் திரும்பி வர வழியில்லை.

முத்துக்கு உகந்த நூல் முறுக்கிய பட்டு. பட்டு மெல்லியது, முடிச்சில் நன்கு படிவது, மாலை கழுத்தின் வளைவுக்கு இசைந்து விழச் செய்வது. நைலான் உறுதியில் மிக்கதாயினும் சிறிது விறைப்பானது. பாரமான கல்மணிக்கும், துளையோரம் கூர்மையான பளிங்குக்கும் அது பொருந்தும். பட்டுநூல் எண் இட்டு விற்கப்படுகிறது. எண் ஏற ஏற நூல் தடிக்கும். அளவைத் தேர்ந்தெடுத்தற்கு விதி ஒன்றுதான்: இரட்டித்த நூல் துளையினூடே இறுக்கமாகச் செல்லவேண்டும், இட்ட முடிச்சு துளைக்குள் நுழையாதிருக்கவேண்டும். முடிச்சு நுழைந்துவிட்டால் தடித்த நூலை எடுக்கவேண்டுமேயன்றி, முடிச்சின் மேல் முடிச்சிட்டுச் சமாளித்தல் தகாது. அது மாலையின் இலட்சணத்தைக் கெடுக்கும். நூலுக்குத் தேன்மெழுகு பூசும் வழக்கம் சணல் நூலுக்கு ஏற்கும். வெண்முத்து கோக்கும் பட்டில் மெழுகு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பட்டுக்கு நீண்டுகொடுக்குஞ் சுபாவம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் வரை சாதாரணமாகவே உறிஞ்சி வைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. ஐப்பசி தொட்டுத் தை வரை வாடைக்காற்றும் மழையும் தங்கும் இவ்வாவிக் கரையில் இதனை மறந்து கோத்த மாலை, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வேறொரு நீளத்தைக் காட்டும். எனவே கோக்குமுன் நூலைச் சிறிய பாரமொன்றிற் கட்டி ஓரிரவு தொங்கவிட்டு, இழுபடுவது இழுபட்ட பின் எடுத்தல் நலம். இயலுமாயின் மழையற்ற நாளையே வேலைக்குத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

நீளத்தைக் கணக்கிடுகையில் முடிச்சும் இடம் பிடிக்கும் என்பதைப் புதியவர் மறப்பதுண்டு. 7 மில்லிமீட்டர் முத்துக்கள் 55 கொண்டு கோத்தால், முத்துக்கள் மாத்திரம் 38.5 சென்ரிமீட்டர் ஆகும்; 54 முடிச்சுகள் ஏறக்குறைய 5 சென்ரிமீட்டர் சேர்க்கும்; கொளுக்கியுங் கூடக் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே தங்கும் 45 சென்ரிமீட்டர் மாலையாக அது முடியும். இதற்கு இரட்டித்துக் கோக்க 2 மீட்டர் நூல் வேண்டும்.

ஊசி, மெல்லிய கம்பி இரண்டை முறுக்கிச் செய்தது. அதன் காது துளைக்குள் நுழையும்போது மடிந்து கொடுக்கும். ஊசியில்லாதவர் நூலின் தலைப்பைப் பசையிலே தோய்த்து உலரவிட்டுக் கூராக வெட்டிக்கொள்வதும் உண்டு. தொடக்கத்தில் மூன்று முத்துக்களை நூலில் ஏற்றி, அவற்றின் அப்பால் மயிரிழைக் கம்பியாற் சுருட்டிய குழாய்த் துண்டொன்றைக் கோத்து, கொளுக்கியின் வளையத்தினூடே நூலை இழுத்தால், அச்சுருள் வளைந்து நூலுக்குக் கவசமாகும். கொளுக்கி உலோகமாதலின், அங்கேதான் நூல் முதலில் தேயும். இச்சிறு சுருளை விட்டுவிட்டுக் கோத்த மாலைகள் மற்றெவ்விடத்திலும் அறாமல் அவ்விடத்திலேயே அறுகின்றன. பின் நூலை முதல் முத்தினூடே திரும்பச் செலுத்தி முடிச்சிட்டு, இரண்டாம் முத்தினூடே செலுத்தி மறுபடி முடிச்சிட்டு, மூன்றாவதற்குள் மறைத்தால் தலைப்பு வெளித்தெரியாமல் நிலைபெறும்.

இடைமுடிச்சு ஒற்றை முடிச்சே. வலைக்கண் கட்டும் வாவி மீனவரின் முடிச்சு இதனினும் கடினமானது. ஆயினும் அவர் முடிச்சு விழுமிடத்தைக் கண்ணின் அளவு தீர்மானிக்கும், மாலையின் முடிச்சோ முத்தின் உடலோடு ஒட்டி விழவேண்டும். இதுவே இவ்வித்தையின் முழுக் கடினமும் ஆகும். நூலைத் தளர்வாக ஒரு கண்ணியாக்கி, கோத்த பகுதியை அக்கண்ணியினூடே எடுத்து, கண்ணிக்குள் குத்தூசியை நுழைத்து, ஊசியின் முனை முத்தைத் தொடும்வரை நகர்த்திச் செல்லவேண்டும். கண்ணி ஊசியைச் சுற்றி இறுகிய பின், ஊசியை மெல்ல உருவுகையிலேயே பெருவிரல் நகத்தால் முடிச்சை முத்தை நோக்கித் தள்ளி, இறுதியில் இரட்டை நூலின் இரு இழைகளையும் எதிரெதிரே பிரித்திழுத்தால் முடிச்சு முத்தோடு ஒட்டி அமரும். சிலர் குத்தூசிக்குப் பதிலாகத் தட்டாரின் சாவணத்தைக் கொள்வர்: முத்தை ஒட்டி நூலைச் சாவண நுனியாற் பிடித்து, கண்ணியை அந்நுனியின் மேல் இறுக்கி, பிடியை விட்ட கணத்தில் தள்ளுவர். சாவணம் கண்ணுக்கு எளிது. ஆனால் நூலின் இழையைக் கடித்து நலிவிக்கும் அபாயம் உண்டு. பட்டுக்குக் குத்தூசியே மேலானது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

முடிச்சுக்கும் முத்துக்கும் இடையே மயிரிழை வெளி விழுந்தாலும் முத்து அங்குமிங்கும் ஆடி, துளையின் விளிம்பால் நூலை நாள்தோறும் அறுக்கும். இறுக்கம் மிகுந்தாலோ மாலை கம்பிபோல் விறைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு சொல்லால் விளக்கத்தக்கதன்று. கை தானே கண்டுகொள்ளும். தவறி விழுந்த பட்டு முடிச்சை அவிழ்க்க முயல்வது பெரும்பாலும் நூலைப் பிசிறாக்குவதிலேயே முடியும். வெட்டியெடுத்து மறுபடி தொடங்குவதே நன்று. இதனாலேதான் முதலில் 8 மில்லிமீட்டர் மரமணியும் தடித்த பருத்தி நூலும் கொண்டு பழகி, தஸ்பீஹ், செபமாலை, உருத்திராக்கம் ஆகிய கோப்புகளில் ஒன்றிரண்டையேனும் முடித்த பின் முத்துக்கு வருதல் சிறந்த கிரமமாகும். நடுமுத்தைத் தாண்டிய பின் கை களைத்து முடிச்சு தளர்வது இயல்பு. ஓரமர்வில் முழு மாலையையும் முடித்துவிட அவாவுதல் அதற்குக் காரணம். முடிவில், கடைசி மூன்று முத்துக்களுக்கு இடையே முடிச்சிடாமல் விட்டு, கம்பிச் சுருளும் கொளுக்கியும் கோத்து, தொடங்கியவாறே திரும்பிவந்து முடித்தல் வேண்டும். நைலான் தலைப்பைச் சுட்டு உருக்கலாம். பட்டு உருகாது, கருகும்.

முத்தின்றிப் பழகுவோர்க்கு வித்துக்கள் கைகொடுக்கும். மஞ்சாடி வித்து, படுவான்கரைக் குளங்களிற் பூக்கும் தாமரையின் முற்றிக் கறுத்த வித்து ஆகியன கோப்புக்கு உகந்தவை. குன்றிமணியும் மஞ்சாடியும் தட்டார் தராசில் எடையாகவும் நின்றவை; குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி. ஆனால் குன்றிமணியின் செம்மையும் கருமையும் எவ்வளவு மனத்தைக் கவர்ந்தாலும் அதைத் துளைத்துக் கோக்கலாகாது. அதனுள் இருக்கும் நஞ்சு மிகக் கொடியது. தோல் உடையாத வித்து கேடின்றிக் கிடப்பினும், துளைக்கும்போது தெறிக்குந் துகளும், ஊசி தவறிக் கையிற் குத்தும் முனையும் உயிருக்கே ஆபத்தாகலாம். துளையிட்ட குன்றிமணி மாலையைச் சிறு பிள்ளைகள் வாயில் வைக்கும்படி விடுதல் எவ்வாற்றானும் கூடாது.

முடிந்த மாலையைப் பேணும் முறையும் இத்தொழிலைச் சேர்ந்ததே. முத்து அமிலத்துக்கு ஆற்றாது. வியர்வையும், வாசனைத் தைலமும், தேசிக்காய்ச் சாறும் அதன் ஒளியை மங்கச் செய்யும். மணலிலுள்ள பளிங்குக் கல்லின் கடினம் 7 என்னும் அளவில் முத்தினது 2.5 முதல் 4.5 வரையே ஆதலின், மணல் தூவிய கடற்கரைக் காற்றில் அணிந்த மாலையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தல் கீறலை உண்டாக்கும்; நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி, நூல் முற்றாக உலர்ந்த பின்னரே எடுத்து வைக்கவேண்டும். ஆணியிற் தொங்கவிட்டால் பட்டு நீளுமாதலால் துணியிற் சுற்றிக் கிடையாக வைத்தல் தகும். அடிக்கடி அணியப்படும் மாலையை ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் அறுத்துப் புதுநூலிற் கோத்தல் அவசியம். முடிச்சுகள் கறுத்திருத்தல், முத்துக்கள் முடிச்சினின்று விலகி ஆடுதல், கொளுக்கியருகே நூல் பிசிறெழுதல் ஆகிய மூன்றில் எது காணப்படினும் அக்காலத்தை எதிர்நோக்காமல் உடனே கோக்கவேண்டும். அறுக்கும்போது ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியே நறுக்கி, முத்துக்களைப் பழைய வரிசை குலையாதபடி ஒரு மடித்த துணியின் சுருக்கத்தில் நிரையாக வைத்துக்கொள்வர்.